மிட்டாதாரும் ஆடினார்

நான் பந்தை எறிந்தவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு மூடிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரிக்கெட்டில் பந்தைக் கை மடங்காமல் வீச வேண்டும். முழங்கையை மடக்கி வெடுக்கென்று நீட்டினால் அது எறிதல். அம்பயர் ‘நோ பால்’ என்று கத்துவார். அந்தப் பந்தில் ஸ்டம்பே பறந்தாலும் ஆட்டக்காரர் அவுட் இல்லை. ஒருவனை ‘எறிகிறவன்’ என்று நாலு பேர் பேச ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் அவனை எந்த டீமும் சேர்க்காது. ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்காவது யாராவது மனசிரங்கி ஒரு வேலை போட்டுக் கொடுப்பார்கள். எறிகிறவனுக்கு அதுவும் கிடையாது. இருபத்தெட்டு வயதில் என் தலையில் அந்தச் சொல்லைக் கட்டிவிட்டவர், எனக்குச் சம்பளம் கொடுத்த மிட்டாதார். அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறார் என்றும் கேள்வி.

நாமக்கல்லுக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு வரி தண்டுகிற மிட்டாதார் அவர். பட்டணத்தில் காலேஜில் படித்தபோது கிரிக்கெட் பைத்தியம் பிடித்து, ஊருக்குத் திரும்பியதும் நல்ல சோளக்காட்டை மட்டம் செய்து மைதானமாக்கிவிட்டார். நான் அப்போது சேலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் கிளப்பில் டென்னிஸ் வலை கட்டுகிற ஆள். சாயங்காலங்களில் துரைமார்கள் மட்டை பிடித்துப் பழக நான்தான் பந்து போடுவேன். அந்தக் காலத்தில் ஆடுகளத்தின்மேல் தென்னைநார்ப் பாய் விரித்துத்தான் ஆடுவார்கள். என் பந்து அந்தப் பாயில் விழுந்ததும் உள்பக்கமாகச் சீறித் திரும்பும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, விரல் அப்படி அமைந்துவிட்டது. ஒருநாள் அதைப் பார்த்த மிட்டாதார், கிளப்பில் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு தருகிறேன் என்று என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாதச் சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடுகிறவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். எனக்கு அதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

திமிருக்கேற்ற வேலைதான் போங்கள்! காலையில் பாயை விரித்து நாலு பக்கமும் முளை அடிக்க வேண்டும். மிட்டாதார் வந்ததும் அவருக்குக் கை அலுக்கிறவரை பந்து போட வேண்டும். ஆட்டம் நடக்கிற நாளில் டீமில் ஆட வேண்டும். மற்ற பத்துப் பேரும் வக்கீல், டாக்டர், தாசில்தார் மகன் என்று கௌரவத்துக்கு ஆடுகிறவர்கள். அவர்களுக்குப் பந்தலில் நாற்காலி, இலை போட்டுச் சாப்பாடு. எனக்குப் புளியமரத்தடி, வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்குப்போசி. ஸ்கோர் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு முன்னால் ஸ்ரீ போடுவார்கள், எனக்குப் போடமாட்டார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாத வழக்கம் ஒன்று இருந்தது. பழகும்போது மிட்டாதாரின் ஸ்டம்பு சாய்ந்தால் நானே ஓடிப்போய் நட்டுவிட்டு, “பாய் தடுக்கிருச்சுங்க, எசமான்” என்று சொல்ல வேண்டும். அவரும், “ஆமாமா, பாயை நல்லா இழுத்து அடிப்பா” என்பார். ஐந்து வருஷம், நாளைக்குப் பத்துத் தடவை, ஒரு பாவமும் அறியாத அந்தப் பாயின்மேல் பழி போட்டுப் பிழைத்தேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு தை மாதம் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய டீம் ஆட வந்தது. வந்த இடத்தில் அவர்களில் ஒருவருக்குக் குளிர்காய்ச்சல். இப்படி ஆள் குறைந்தால் சம்பளக்காரனை எதிர் டீமுக்கு இரவல் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. இரவல் போகிறவன் எல்லைக்கோட்டு ஓரமாக நின்று பந்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பட்டணத்துக் கேப்டன் ஒரு பாரிஸ்டர். அவருக்கு இந்த மரியாதையெல்லாம் என்ன தெரியும்? “நீ பந்து போடுவாயா?” என்று கேட்டார். “போடுவேனுங்க” என்றேன். பந்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று விக்கெட் விழுந்தது. மூன்றும் என் பந்தில். பாரிஸ்டர் என் தோளில் கை போட்டார். அதுவரைக்கும் பந்தலில் உட்காருகிறவர்கள் யாரும் என் தோளைத் தொட்டதில்லை. “பட்டணத்துக்கு வந்துவிடு. எங்கள் கிளப்பில் உனக்கு இடம் வாங்கித் தருகிறேன். இதேபோல் போட்டால் மாகாண டீமே உன்னைக் கூப்பிடும்” என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் மிட்டாதார் மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆட வந்தார்.

மெதுவாக ஒரு பந்தைப் போட்டு அவரை அடிக்க விடலாம். மறுநாள் வழக்கம்போல் பாய் விரிக்கப் போகலாம். இல்லையென்றால் எனக்குத் தெரிந்த பந்தைப் போட்டுப் பட்டணம் போகலாம். எனக்குத் தெரிந்த பந்தைப் போட்டேன். நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்னால் விழுந்தது.

“நோ பால்!”

கத்தியவர் அம்பயராக நின்ற மிட்டாதாரின் காரியஸ்தர். அதுவும் ஸ்டம்பு விழுந்த பிறகுதான் கத்தினார். ஏன் நோ பால் என்று பாரிஸ்டர் கேட்டார். காரியஸ்தருக்குத் தெரிந்த கிரிக்கெட் சட்டமெல்லாம் எசமான் அவுட் இல்லை என்பது ஒன்றுதான். “கால் கோட்டைத் தாண்டிருச்சு” என்றார். என் கால்தடம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிடந்ததைப் பாரிஸ்டர் காட்டினார். காரியஸ்தர் திருதிருவென்று விழித்தார். மிட்டாதார் மட்டையை ஊன்றி நின்றபடியே, கொட்டாவி விடுகிற மாதிரி, “கை மடங்குதுல்ல? அதச் சொல்லய்யா. எறியறான்” என்றார். உடனே காரியஸ்தருக்கு வாய் திறந்துவிட்டது. “ஆமாங்க, எறியறானுங்க!” அடுத்த பந்தும் ஸ்டம்பில்தான் விழுந்தது. நோ பால். அதற்கடுத்ததும் அப்படியே. நோ பால். பந்தைக் கீழே போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஒரு மூங்கில் பத்தையைச் சீவி, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வைத்து, வேட்டித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டேன். என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அது கையுங்களா, கொடிக்காலுக்கு நட்ட மூங்கிலுங்களா?” என்று சிரித்தாள். சிரிக்கிற நேரமா அது? கட்டின கையோடு பயணியர் பங்களாவுக்கு ஓடினேன். பாரிஸ்டர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பங்களா வாசலில் ஒரு குச்சியை நட்டு, அந்தக் கையாலேயே மூன்று பந்து போட்டேன். மூன்றும் திரும்பின. ஒன்று குச்சியைச் சாய்த்தது. மூங்கில் கட்டின கை எங்கே மடங்கும்? பாரிஸ்டர் பார்த்துவிட்டு, “உன்மேல் தப்பில்லை. ஆனால் பேச்சு கிளம்பிவிட்ட ஆளை நான் எப்படிக் கிளப்புக்கு அழைத்துப் போவது?” என்றார். பெரிய மனிதர்! வருத்தப்பட்டுக்கொண்டே ரயிலேறிப் போய்விட்டார்.

இரண்டு நாளில் அது பேப்பரிலும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்டங்களைப் பற்றிப் பட்டணத்து இங்கிலீஷ் பேப்பருக்கு எழுதி அனுப்புகிறவரே மிட்டாதார்தான். உள்ளூர்ச் சம்பளக்காரன் ஒருவன் எறிந்து ஆட்டத்தைக் கெடுத்தான் என்று எழுதியிருந்தார். மூன்று நோ பாலுக்கு முன்னால் மூன்று விக்கெட் எடுத்தவன் யார் என்பது அதில் இல்லை. அதன்பிறகு ரயில்வேக்காரர்களிடம் போனேன், ஏற்காட்டுத் தோட்டத் துரைகளிடம் போனேன், மில்லுக்குப் போனேன். போன இடமெல்லாம் ஒரே பேச்சு: “நீ எறியறவனாச்சே!” என் ஆட்டம் அதோடு முடிந்தது.

எட்டாவது வரைக்கும் படித்திருந்ததால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை கிடைத்தது. அவர்கள் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையும் போட்டார்கள். சடுகுடு, கால்பந்து, குஸ்தி என்று எழுத ஆரம்பித்தேன். பிறகு கிரிக்கெட்டும். அந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத எங்கள் ஜில்லாவில் வேறு நாதியில்லை. கொஞ்ச காலத்தில் பட்டணத்துத் தினசரி ஒன்றும் என் எழுத்தைக் கேட்டு வாங்கியது. மைதானத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மிட்டாதாரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரிதான் எழுதுவேன்: “மிட்டாதாரும் ஆடினார்.” அவர் முட்டை போட்டாலும் அதே வரி. ஒருமுறை நூறு ஓட்டம் அடித்தார். கைதட்டல் ஓய அரைமணி நேரமாயிற்று. நான் எழுதினேன்: “மிட்டாதாரும் ஆடினார்.” காரியஸ்தர் அச்சாபீஸுக்கே வந்து, “எசமான் நூறு அடிச்சது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்று கேட்டார். “பாய் தடுக்கிருச்சுங்க” என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரு வேளையில் சாப்பிட்டேன்.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை. பேப்பரில் எழுதுவது பத்துப் பேர் படிக்கிறது. அந்த மைதானத்தில், சனங்களுக்கு முன்னால், அவர் காது கேட்க, நான் எறியவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குக் காத்திருந்தேன். இரண்டாவது ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் அது தானாகவே வந்து வாய்த்தது.

யுத்த நிதிக்கென்று பட்டணத்து டீம் ஒன்றைக் கூப்பிட்டு, மிட்டாதார் மைதானத்தில் ஆட்டம் வைத்தார்கள். மணியக்காரர்கள் ஊர் ஊராகப் போய் டிக்கெட்டைக் கட்டாயமாகத் தள்ளிவிட்டதால், கிரிக்கெட் என்றால் கடலையா பருத்தியா என்று கேட்கிற சனங்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மூவாயிரம் பேருக்குக் குறையாது. அவர்களுக்கு ஆட்டத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல, டூரிங் சினிமாக்காரரிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கி வைத்து, என்னை அதன்முன் உட்கார வைத்தார்கள். எனக்குக் கசக்குமா?

அன்றைக்கு இன்னொரு விஷயமும் நடக்க இருந்தது. எங்கள் ஜில்லா டீமில் சேலத்து நூல் மில் தொழிலாளி ஒருவர் ஆடினார். திருச்செங்கோட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த மாதிரி வேகமாகப் பந்து போடுகிறவரை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நானே நாலு தடவை பேப்பரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பட்டணத்துக் கம்பெனி ஒன்று அவரைப் பார்த்துவர ஒரு ஆளை அனுப்பியிருந்தது. நன்றாகப் போட்டால் கம்பெனியில் வேலை, கம்பெனி டீமில் இடம். மில்லின் பஞ்சுத் தூசியிலிருந்து அந்தக் குடும்பமே தப்பிவிடும். காலையில் அவர் என் மேஜைக்கு வந்து, “இன்னிக்கு நல்லாப் போட்டரோணுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் டீம் முதலில் ஆடியது. ஐம்பது வயதிலும் மிட்டாதார்தான் கேப்டன், மைதானம் அவருடையதாயிற்றே! அவர் மட்டையோடு இறங்கியதும் நான் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தேன். பெயர் சொல்லவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு மிட்டாதார் இருந்தார், அவருடைய ஸ்டம்பு விழுந்தால் பாய்க்குத்தான் அடி விழும், அவர் அவுட் ஆனால் காரியஸ்தர் ‘நோ பால்’ என்று கத்துவார் என்று முழுக் கதையையும் சொன்னேன். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த ஓவரில் பட்டணத்துக்காரர் பந்தில் மிட்டாதாரின் ஸ்டம்பு விழுந்தபோது மூவாயிரம் பேரும் ஒரே குரலில், “நோ பால்!” என்று கத்தினார்கள். எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மிட்டாதார் நேரே என் மேஜைக்கு வந்தார். வையப் போகிறார், நானும் பதிலுக்கு நாலு கொடுக்கலாம் என்று எழுந்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். “ஏப்பா, அந்தக் கதையில வர்றது நானா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே! ஆனா நல்லாப் பேசற. சனங்க என்னமாச் சிரிக்கறாங்க!”

ஞாபகமில்லையாம்! என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது அந்த ஆளுக்கு ஞாபகமே இல்லையாம்! எனக்குக் கண்மண் தெரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டேன். ஒரு கையில் மைக், மறு கையில் பந்து. “இப்படிப் போட்டால் வீச்சு. இப்படி மடக்கினால் எறிதல். கை மடங்கினால் அது திருட்டுப் பந்து. என் கை மடங்கியதா? நீங்களே பாருங்கள்!” என்று திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. அவனவன் தன் கையை நீட்டி மடக்கிப் பக்கத்திலிருந்தவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கிரிக்கெட்டில் அவர்களுக்குப் புரிந்த முதல் சங்கதி அதுதான்.

பிற்பகல் மில் தொழிலாளி பந்து போட வந்தார். முதல் பந்து போனதே தெரியவில்லை. பட்டணத்து ஆட்டக்காரர் மட்டையைத் தூக்குவதற்குள் விக்கெட் காப்பாளர் கைக்குப் போய்விட்டது. புளியமரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: “கை மடங்குது!” எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது பந்துக்கு நூறு குரல். மூன்றாவது பந்துக்கு மைதானம் முழுக்க, “மடங்குது! மடங்குது! எறியறான்!” காலையில் மிட்டாதாருக்குப் போட்ட சத்தம் அவர்களுக்கு ருசித்துவிட்டது. நான் ஒலிபெருக்கியில், “மடங்கவில்லை, நேரான கை” என்றேன். “மடங்குது!” என்றார்கள். “வாயை மூடுங்கள், அது அருமையான பந்து!” என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்களுக்குக் கொண்டாட்டம் கூடியது. அம்பயர்கள் ஒரு தடவைகூட நோ பால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த மனிதர் தன் முழங்கையைத் தானே திரும்பிப் பார்த்தார். அப்புறம் கையை மரக்கட்டைபோல் விறைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாகப் போட ஆரம்பித்தார். பந்து கால்பக்கம் போயிற்று, பாயைத் தாண்டி விழுந்தது, நாலு நாலாக அடி வாங்கியது. நாலாவது ஓவரோடு மிட்டாதார் அவரை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கம்பெனிக்காரர் ஆட்டம் முடிகிறவரைக்கும்கூட இருக்கவில்லை. வண்டிக்குப் போகிற வழியில் அவரை மறித்து, “அவர் கை நேரான கைங்க, நான் ஆடினவன், எனக்குத் தெரியும்” என்றேன். “எனக்கும் தெரிகிறது. ஆனால் இந்தச் சத்தத்தோடு இவரை அழைத்துப் போய் நான் யாரிடம் என்ன சொல்வது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெயில் இறங்கினபிறகு, மில்காரர்களின் பஸ் நின்ற இடத்துக்குத் தேடிக்கொண்டு போனேன். பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலம் என்பதால் பஸ் கரிப்புகையில் ஓடியது; டிரைவர் அதன் கரியடுப்பை மூட்டி வண்டியைக் கிளப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கையை நீட்டிக் காட்டினார்.

“ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. என்ற கை மடங்குதுங்களா?”

“இல்லீங்க. சத்தியமா இல்ல. அந்தக் காலத்துல எனக்கும் இப்பிடித்தான் அந்த மிட்டாதாரு...” என்று ஆரம்பித்தேன்.

“உங்களைய ஒரு மிட்டாதாருதானுங்க சொன்னாரு” என்றார் அவர். “அவரைப் பதினஞ்சு வருசமா நீங்க வையறீங்க. என்னைய மூவாயிரம் பேரு சொல்லிப்போட்டாங்க. நான் யாரைப் போயி வையறதுங்க?”

என்னை வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ் கிளம்பத் தொடங்கியது; அவர் ஏறிக்கொண்டார்.